பிரித்தெழுதுக: எஃகும் கான்கிரீட்டும்

கல்லூரியில் நம் துறை அறையின் சன்னலுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கத்தில் ஒரு வணிக வளாகம் இருந்தது. நான்கு மாடிகள், எஃகுத் தூண்கள், எஃகு விட்டங்கள், அவற்றின்மேல் கான்கிரீட் தளங்கள். கட்டி முடித்து இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை. நிலம் கைமாறியது. புதிய உரிமையாளருக்குப் புதிய திட்டம் இருந்தது. சென்ற கோடையில் இடிக்கத் தொடங்கினார்கள். விடைத்தாள் திருத்தும் நாட்கள் அவை. மேசைமீது தாள்கட்டு; சன்னலுக்கு வெளியே விடியலிலிருந்து அந்திவரை கான்கிரீட்டை உடைக்கும் எந்திரத்தின் ஓசை.

முதலில் தளங்களை நொறுக்கினார்கள். தளம் போன பின்பு விட்டங்கள் வெளிப்பட்டன. அவை துருவேறவில்லை; வளையவில்லை; பூசிய சாயம்கூடப் பல இடங்களில் அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு விட்டத்தின் முதுகிலும் கட்டைவிரல் பருமனில் குமிழ்த்தலை ஆணிகள் வரிசையாக நின்றன. உடைந்த கான்கிரீட் கட்டிகளை இன்னும் கவ்விக்கொண்டு. முகத்தில் துண்டைச் சுற்றிய ஓர் இளைஞர் அந்த விட்டத்தின் மேலேயே அமர்ந்து கேஸ் கட்டரால் அதை அறுத்துக்கொண்டிருந்தார். கீழே தாங்குவலை இல்லை. இடுப்பில் கயிறு இல்லை. பத்து மீட்டர் நீள விட்டங்கள் லாரியில் கொள்ளும் அளவுக்குத் துண்டங்களாகிக் காயலான் கடைக்குப் போயின.

ஒருநாள் மாலை சாலையைக் கடந்து சென்று அங்கிருந்த மேஸ்திரியிடம் கேட்டோம்: இரும்பு நன்றாகத்தானே இருக்கிறது, அறுக்காமல் அப்படியே கழற்றலாகாதா? அவர் நம்மைச் சற்றே இரக்கத்துடன் பார்த்தார். "கழட்டுறதுக்கு இதுல என்ன சார் இருக்கு? எல்லாம் ஒண்ணா ஒட்டிப் போச்சு. அறுக்கத்தான் முடியும்" என்றார்.

இக்கட்டுரை அந்த ஒரு விடையைப் பற்றியது. இலக்கியம் பேசுமிடத்தில் எஃகு விட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நாம் பொறியாளர் அல்லோம். ஆயினும் இரண்டு பொருள்கள் எப்படிச் சேர்கின்றன, சேர்ந்தபின் அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதை வகுப்புதோறும் கற்பித்துப் பிழைப்பவர்கள். அந்த உரிமையில் பேசுகிறோம்.

*

விட்டத்தின்மீது பாரம் ஏறினால் அது நடுவில் தாழ்கிறது. அப்போது அதன் மேற்பகுதி நெருக்குண்டு குறுக முயல்கிறது. அடிப்பகுதி இழுபட்டு நீள முயல்கிறது. கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். எஃகு இழுவையை நன்றாகத் தாங்கும். ஆகவே மேலே கான்கிரீட், கீழே எஃகு என்பது மிகப் பொருத்தமான வேலைப் பங்கீடு. ஆனால் தளத்தை விட்டத்தின்மீது வெறுமனே கிடத்திவைத்தால் இந்தப் பங்கீடு நிகழாது. விடைத்தாள் கட்டு ஒன்றை இரு கைகளாலும் பிடித்து வளைத்துப் பார்த்தால் இது விளங்கும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்; கட்டு எளிதில் வளைந்துவிடும். அதே தாள்களைப் பசை தடவி ஒட்டிவிட்டால் அது பலகை, வளைக்க முடியாது.

தளத்துக்கும் விட்டத்துக்கும் இடையிலான வழுக்கலைத் தடுக்கும் பசைதான் நாம் கண்ட ஆணிகள். விட்டத்தின் மேல்விளிம்பில் அவற்றை மின்வில்லால் பற்றவைத்து, அவற்றைச் சூழக் கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். கான்கிரீட் இறுகியதும் இரண்டும் ஒரே உறுப்பாக வளைகின்றன. ஆணிகளைத் துப்பாக்கி போன்ற கருவியால் நொடிப்பொழுதில் பற்றவைக்கும் முறை கப்பல் கட்டும் தளங்களில் வளர்ந்தது. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள் அதைக் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் உரியதாக்கின. கூட்டு விட்டம் என்று இதனை அழைப்பர். தனியெஃகு விட்டத்தோடு ஒப்பிட்டால் எஃகின் எடையில் 30 முதல் 50 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது துறையினர் பொதுவாகக் கூறும் கணக்கு. மாடியின் உயரம் குறையும். தூணில்லா இடைவெளி கூடும். உலகெங்கும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் இது பரவியதற்கு இவையே காரணம்.

இவ்வளவையும் மனமுவந்து ஒப்புக்கொள்கிறோம். கூட்டு விட்டம் அறிவார்ந்த கண்டுபிடிப்பு. நம் வழக்கு அதன் கூட்டோடு அன்று. அந்தக் கூட்டைப் பிரிக்கும் வழியை எண்ணாமலே கட்டிய மனப்போக்கோடுதான்.

*

கட்டடப் பொறியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "எஃகு வீணாகவில்லையே. உருக்குவார்கள்; புதிய கம்பியாக வரும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள் அது. மறுசுழற்சிக்கு இதைவிடச் சிறந்த சான்று உண்டா?" என்றார். அறிந்தவர், நேர்மையானவர். இருந்தும் இந்த விடை ஒரு சாக்கு என்று சொல்லியாக வேண்டும். படித்தவர்கள் சொல்லும் சாக்கு என்பதால் அதிகமாகவே கேடு விளைவிப்பது.

முதலாவது, உருக்குவதும் ஆக்குவதே. இரும்புத் தாதிலிருந்து ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ 2.3 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் இது ஏறத்தாழ 0.7 டன்னாகக் குறையும். பெரிய வேறுபாடுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல விட்டம் ஒன்று கையிலிருக்கும்போது அதை அறுத்து, ஏற்றி, உருக்கி, வார்த்து, உருட்டி மீண்டும் விட்டமாக்கும் அந்த 0.7 டன் எதற்காக? நல்ல சட்டையைக் கிழித்து நூலாக்கி மீண்டும் நெய்து தைத்து அணிகிறவனை நாம் சிக்கனக்காரன் என்று புகழ்வதில்லை.

இரண்டாவதும் இதனினும் முக்கியமானதும் கான்கிரீட். மறுசுழற்சியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுபவர்கள் கூட்டு விட்டத்தின் மேற்பாதியை மறந்துவிடுகிறார்கள். எஃகுக்கு மறுபிறவி உண்டு, கான்கிரீட்டுக்கு இல்லை. உடைத்த கான்கிரீட்டை நொறுக்கிச் சல்லியாக்கலாம்; சாலைக்கு அடியில் நிரப்பலாம். ஆனால் அதிலுள்ள சிமெண்ட் மீண்டும் சிமெண்டாகித் தளத்துக்கு வருவதில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலுடையது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுவது. சூளையை எவ்வளவு திருத்தினாலும் அது போகாது. ஆகவே சுட்டது சுட்டதுதான். அதைக் கொண்டு செய்த தளத்தை முடிந்தவரை நீண்டகாலம் தளமாகவே வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. விட்டத்தின் முதுகில் ஆணியைப் பற்றவைத்த அந்த நொடியில் தளத்தின் விதி எழுதப்பட்டுவிடுகிறது. எஃகைக் காப்பாற்றவும் தளத்தை உடைத்தே ஆகவேண்டும்.

பிரிட்டனில் இடிப்பிலிருந்து கிடைக்கும் கனமான எஃகு உறுப்புகளில் மீண்டும் உறுப்பாகவே பயன்படுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகுதி உலைக்குத்தான் போகிறது. எஃகைப் பற்றி நன்கறிந்த நாட்டின் நிலையே இதுவென்றால் "நூறு விழுக்காடு மறுசுழற்சி" என்னும் பெருமிதம் எதை மூடி மறைக்கிறது என்பது விளங்கும்.

*

இனி நம் துறைக்கு வருவோம். நன்னூல் படித்த மாணவர் எவருக்கும் தெரியும்: புணர்ச்சி இருவகை. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகும்போது இரண்டும் தத்தம் இயல்பு கெடாமல் நிற்கின்றன. பொன்னும் குடமும் சேரும்போது பொற்குடம். அங்கே ஓர் எழுத்து திரிகிறது. மரமும் வேரும் சேரும்போது மரவேர். ஓர் எழுத்து கெடுகிறது. வாழையும் பழமும் சேரும்போது வாழைப்பழம். ஓர் எழுத்து தோன்றுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. திரிந்தாலும் கெட்டாலும் தோன்றினாலும் எந்தப் புணர்ச்சியையும் பிரிக்க முடிகிறது. பொற்குடத்தைப் பிரிக்கச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை "பொன், குடம்" என்று இரண்டையும் முழுமையாக எடுத்து வைக்கும். கெட்டுப்போன மகரம்கூட மரத்துக்குத் திரும்பி வந்துவிடும். ஏன்? இணைப்பு தளர்வானது என்பதாலன்று. சேர்த்த விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதால். விதி தெரிந்தவனுக்கு வழி தெரியும். பல நூற்றாண்டுக்கு முந்தைய பாடல்களையும் சீர் பிரித்துப் பொருள் கொள்கிறோமே, அது இந்த ஒழுங்கால்தான்.

பொறியியலிலும் இத்தகைய ஒழுங்கு முடியாதது அன்று. முடியும் என்பதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆணிக்குப் பதிலாக போல்ட். இவ்வளவுதான் அடிப்படை. உயர்வலிமை போல்ட்டுகளைக் கூட்டு விட்டத்தின் இணைப்பாகப் பயன்படுத்தும் சோதனைகள் 1960களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. அப்போது நோக்கம் பிரிப்பதன்று. ஆயினும் வழி அன்றே தெரிந்திருந்தது. அரை நூற்றாண்டாக அவ்வழியே எவரும் செல்லவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. ஆணி மலிவு; ஆணி விரைவு. நாற்பது ஆண்டுக்குப் பின் என்ன ஆகும் என்று கேட்க அந்தக் கட்டுமானக் களத்தில் ஒருவரும் இல்லை.

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் லாம் என்பாரும் அவர்தம் மாணவர்களும், கான்கிரீட்டில் புதைந்திருந்தும் விட்டத்தின் அடியிலிருந்து நட்டைத் திருகிக் கழற்றத்தக்க இணைப்புகளைச் சோதித்தனர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராட்ஃபோர்ட் குழுவினர், முன்னரே வார்த்த தளப்பலகைகளை உராய்வுப் பிடிப்பு போல்ட்டுகளால் விட்டத்தோடு இறுக்கும் முறையை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஹஜ்ஜாரும் உடன் உழைத்தவர்களும் விட்டத்தில் துளையே இடாமல், அதன் மேல்விளிம்பைக் கவ்வும் கிளாம்ப்புகளைக் கொண்டு பலகைகளைப் பிடித்து நிறுத்தினர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போல்ட்டுக்கும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பிசின் செலுத்தி நிரப்பும் முறையைச் சோதித்தனர். பிரிட்டனின் எஃகுக் கட்டுமான நிறுவனம் பழைய எஃகு உறுப்புகளைச் சோதித்து மீண்டும் பயன்படுத்தும் நெறிகளை 2019இலும், பிரிக்கத்தக்க கூட்டுக் கட்டுமானத்துக்கான வழிகாட்டியை 2020இலும் வெளியிட்டது.

இவை யாவும் ஆய்வகத்துக்குள் நின்றுவிட்ட சங்கதிகள் என்று சொல்பவருக்கு ஆம்ஸ்டர்டாமைக் காட்டுகிறோம். அங்கே புதிய நீதிமன்றம் கட்டி முடியும்வரை பயன்படுத்த ஒரு தற்காலிக நீதிமன்றத்தை 2016இல் எழுப்பினார்கள். பயன்பாடு முடிந்தபின் கட்டடத்துக்கு என்ன மதிப்பு எஞ்சும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எடைபோடப்பட்டது. எஃகுச் சட்டகம்; அதன்மேல் முன்னரே வார்த்த உட்டுளைக் கான்கிரீட் பலகைகள்; இரண்டையும் பிணைப்பதற்குச் சேதமின்றிக் கழற்றத்தக்க இணைப்பு. வேலை முடிந்ததும் கட்டடத்தைப் பிரித்தார்கள்; என்ஸ்கெடே நகருக்குக் கொண்டுசென்று அலுவலகக் கட்டடமாக மீண்டும் நிறுத்தினார்கள். நீதிமன்றத்தில் தாங்கிய பலகை அங்கேயும் பலகையாகவே தாங்குகிறது. பற்றவைத்த ஆணிகளையே நாடியிருந்தால் இது நடந்திராது.

*

மறுப்புகளையும் எதிர்கொள்ள வேண்டும். நேர்மையான மறுப்புகள் மூன்று உள்ளன.

முதல் மறுப்பு வழுக்கல் பற்றியது. போல்ட் நுழைய வேண்டுமாயின் துளை அதைவிடச் சற்றே பெரிதாக இருக்கவேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி. பாரம் ஏறும்போது அந்த இடைவெளி தீரும்வரை தளம் வழுக்கும். விட்டம் கூடுதலாகத் தாழும். ஐரோப்பிய விதிநூல், இணைப்பு போதிய நெகிழ்வுடையது என்று கொள்ள, அது குறைந்தது 6 மில்லிமீட்டர் வழுக்கலையேனும் முறியாமல் தாங்கவேண்டும் என்கிறது. சிலவகை போல்ட் இணைப்புகள் அதற்கு முன்பே முறிந்துவிடுகின்றன. இவை உண்மையான இடர்ப்பாடுகள். ஆனால் இவற்றுக்குத்தான் உராய்வுப் பிடிப்பு, பிசின் நிரப்பல் என்னும் விடைகள். வழுக்கல் மிகுவது விட்டத்தின் முனைகளில்; ஆகவே இணைப்புகளை முனைகளை ஒட்டிச் செறிவாக வைத்தால் எண்ணிக்கையையும் குறைக்கலாம் என்று டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் காட்டினர். சிக்கல் இருப்பது செய்யாமலிருக்கக் காரணமாகாது. ஆணிக்கும் ஒருகாலத்தில் சிக்கல் இருந்தது, சோதித்துத்தான் அதையும் தீர்த்தார்கள்.

இரண்டாம் மறுப்பு காலம் பற்றியது. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நட்டு திரும்புமா? துருப்பிடித்து இறுகிவிடாதா? தீக்காப்புப் பூச்சின் அடியில் புதைந்து போகாதா? நல்ல கேள்விகள். ஈரம் புகாத அலுவலக மாடியின் உள்ளே இருக்கும் போல்ட் வேறு, கடலோரப் பாலத்தின் போல்ட் வேறு என்பது ஒரு பகுதி விடை. நட்டு திரும்பாவிட்டால் அந்த ஒரு போல்ட்டை அறுத்தால் போதும், விட்டத்தை அறுக்க வேண்டியதில்லை என்பது மறுபகுதி. நூறில் பத்து சிக்கிக்கொள்வதும் நூறும் பற்றவைக்கப்பட்டிருப்பதும் ஒன்றாகா.

மூன்றாம் மறுப்பு பணம். இதுவே உண்மையான மறுப்பு. முன்னிரண்டும் பலநேரங்களில் இதன் முகமூடிகள். பிரிக்கத்தக்க விட்டத்துக்குச் செலவு கூடும். துளையிட வேண்டும், பலகைகளைத் துல்லியமாக வார்க்க வேண்டும். விட்டம் மறுமுறையும் பயன்பட வேண்டுமாயின் பயன்பாட்டுக் காலத்தில் அது நிரந்தரமாக வளைந்துவிடக் கூடாது. ஆகவே சற்றே கனமாகவும் அமைக்க வேண்டியிருக்கும். இச்செலவைக் கொடுப்பவர் இன்றைய உரிமையாளர். பலனை அடைபவர் நாற்பது ஆண்டுக்குப் பின்வரும் எவரோ. இன்றைய கணக்குப் பேரேட்டில் அந்த எவரோவுக்குப் பக்கம் இல்லை.

இங்கேதான் நாம் பொறியாளரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாரிடமும் பேசவேண்டியிருக்கிறது. ஆணி மலிவு என்கிறார்களே, அந்த மலிவு எவர் கணக்கில்? உடைக்கும் எந்திரத்தின் புழுதியை மூச்சிழுத்த தெருவின் கணக்கில். கயிறின்றி விட்டத்தின்மேல் அமர்ந்து அறுத்த அந்த இளைஞரின் கணக்கில். இன்னும் ஒருமுறை சுடப்படும் சுண்ணாம்புக்கல்லின் கணக்கில். கட்டும் செலவில் பிரிக்கும் செலவைச் சேர்க்காமல் விட்டதால் வந்த மலிவு அது. ஒருவர் செலவை மற்றொருவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் சிக்கனமன்று.

*

"நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்திருந்தனர்" என்று ஒரு குரல் இந்த இடத்தில் எழும் என்பதை அறிவோம். அந்தக் குரலுக்கும் சேர்த்தே சொல்கிறோம். ஆம், செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது தூணும் உத்தரமும் கதவும் சன்னலும் முழுமையாகக் கழன்று வந்து காரைக்குடிக் கடைகளில் நிற்கின்றன. துளையில் முனையைச் செருகி ஆப்பு இறுக்கிய இணைப்புகளாதலின் பிரிக்க முடிந்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த வீடுகள் மீண்டும் எழுந்து நிற்கின்றன. ஆனால் இது நமக்கு மட்டும் உரிய ஞானமன்று. லண்டன் ஹைட் பார்க்கில் 1851 கண்காட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய படிக மாளிகையைப் பிரித்து, சிடன்ஹாமில் 1854இல் மீண்டும் திறந்தார்கள். 1936இல் தீக்கிரையாகும்வரை அது அங்கே நின்றது. தேக்கு விலையுயர்ந்தது என்பதால் தேக்கு காப்பாற்றப்பட்டது. வீட்டின் சுவர் காப்பாற்றப்படவில்லை. ஆக, முன்னோர் பெருமை பேசிக் கடந்துபோகும் செய்தியன்று இது. பொருளுக்கு மதிப்பு இருந்தபோது மனிதர்கள் பிரிக்கும் வழியையும் விட்டுவைத்தார்கள். எஃகும் சிமெண்டும் மலிவாகிவிட்டன என்று எண்ணியபோது விட்டுவிட்டார்கள். அவை மலிவானவை அல்ல என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தபின்பும் பழைய பழக்கத்தைத் தொடர்வதற்கு அறியாமை காரணமாகாது.

இதை இன்று உரக்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. கச்சா எஃகு உற்பத்தியில் 2018இல் இந்தியா ஜப்பானை முந்தி உலகில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய கட்டடங்களே பெரும்பான்மையான நம் நாட்டில் கூட்டு விட்டங்கள் பெருகத் தொடங்குவது இப்போதுதான். கூட்டுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 11384, 1985இல் வந்தது. 2022இல் திருத்தி வெளியிடப்பட்டது. கட்டுமான, இடிபாட்டுக் கழிவுக்கான விதிகள் 2016இல் வந்தன. 2025இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. கழிவை எங்கே கொட்டுவது, எப்படித் தரம்பிரிப்பது, எவர் பொறுப்பேற்பது என்றெல்லாம் பேசுவது நல்லதே. ஆனால் கழிவு இடிக்கும் நாளில் பிறப்பதன்று. வரைபடம் வரையும் நாளில் பிறப்பது. மற்ற நாடுகள் அரை நூற்றாண்டு பற்றவைத்துவிட்டு இன்று வருந்துகின்றன. நமக்கு அந்த அரை நூற்றாண்டை அப்படியே நகலெடுக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. பொதுப்பணத்தில் எழும் எஃகுக் கட்டடம் ஒவ்வொன்றின் ஒப்பந்தத்திலும் கட்டும் வரைபடத்தோடு பிரிக்கும் வரைபடமும் கேட்கப்பட வேண்டும். பிரிக்க இயலாது என்பவர் ஏன் இயலாது என்று எழுதித்தரட்டும். ஒவ்வொரு விட்டத்துக்கும் அதன் எஃகின் தரம், அளவு, தாங்கிய பாரம் ஆகியவை பதிந்த குறிப்பு, நிலப்பத்திரத்தைப் போலக் கட்டடத்தோடு கைமாற வேண்டும். பழைய விட்டத்தை நம்பி மீண்டும் பயன்படுத்த முடியாமைக்கு முதற்காரணம் அது எத்தகையது என்று எவருக்கும் தெரியாமையே. சேர்த்த விதி எழுதப்படாத சொல்லைப் போன்றது அது. விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது கட்டும் செலவோடு கழற்றும் செலவையும் எஞ்சும் மதிப்பையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், ஆம்ஸ்டர்டாமில் செய்ததுபோல. கடைசியாக, கட்டடப் பொறியியல் மாணவர்களின் தேர்வில் ஒரு வினா வேண்டும். தமிழ்த் தேர்வில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் வினாதான்: பிரித்தெழுதுக. சேர்த்தெழுத மட்டும் தெரிந்த மாணவருக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருவதில்லை.

நண்பரிடம் இவற்றை மீண்டும் சொன்னோம். இம்முறை அவர் சிரிக்கவில்லை. "உரிமையாளர் கேட்டால் நாங்கள் செய்வோம், எவரும் கேட்பதில்லையே" என்றார். உண்மையாக இருக்கலாம். மருத்துவர் நோயாளி கேட்டால்தான் கைகழுவுவேன் என்பதில்லை என்று நாம் சொன்னதற்கு அவரிடமிருந்து விடையில்லை.

எதிர்ப்புறத்தில் புதிய கட்டடம் எழத் தொடங்கிவிட்டது. ஏழு மாடி என்கிறார்கள். இதுவும் எஃகுதான். கிரேன் தூக்கி நிறுத்திய விட்டங்களின்மேல் நெளிவுத் தகடுகளைப் பரப்பியிருக்கிறார்கள். நேற்றுப் பிற்பகல் வகுப்பில் புணரியல் நடத்திக்கொண்டிருந்தபோது சன்னல் வழியே நீலப் பொறிகள் தெரிந்தன. ஒருவர் குனிந்து நின்று, கையிலுள்ள கருவியை அழுத்தி அழுத்தி, வரிசையாக ஆணிகளைப் பற்றவைத்துக்கொண்டே போனார்.